படத்தில் ஏறாத பாலர்

இங்கிலாந்தில் அச்சேறிய இரண்டு பழைய படங்களை வாசகர்களின் மனக்கண்முன் முதலில் நிறுத்த விரும்புகின்றேன்.

ஒன்றில், இருண்ட சுரங்கப் பாதையிலே, அரையில் வாரும் கால்களின் நடுவே சங்கிலியும் பூட்டப்பட்ட ஒரு பிள்ளை, நான்கு கால் விலங்குபோலத் தவழ்ந்து, நிலக்கரி நிறைந்த வண்டிலை இழுத்துச் செல்கின்றது. மற்றதில், பூங்கா ஒன்றிலே, வெள்ளைச் சட்டையும் நாடாக் கட்டிய தொப்பியும் அணிந்த சிறுமியர் கவலை என்பதையே அறியாதவராய் விளையாடுகின்றனர். முதலாவது படம் 1842 ஆம் ஆண்டில் வெளிவந்தது; இரண்டாவது வகைப் படங்கள் 1879 ஆம் ஆண்டிலிருந்து பெரும் புகழ் பெற்றன. இரண்டுக்கும் இடையே உள்ளவை முப்பத்தேழு ஆண்டுகளே. இரண்டும் ஒரே நாட்டில், 1837 முதல் 1901 வரை அரசு புரிந்த விக்ரோறியா மகாராணியாரின் காலத்தில் வரையப்பட்டவை.

அதே மகாராணியாரின் ஆட்சிக்குள் நமது வன்னிப் பெருநிலமும் அடங்கியிருந்தது. முள்ளியவளையிலும் பனங்காமத்திலும் நெடுங்கேணியிலும் அக்காலத்திற் பிள்ளைகள் பிறந்தார்கள், விளையாடினார்கள், வேலை செய்தார்கள். அவர்களுடைய படம் எங்கே? இக்கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரங்கத்துப் படங்கள்

இங்கிலாந்தின் கைத்தொழிற் பெருக்கம் பிள்ளைகளின் கைகளையும் விட்டுவைக்கவில்லை. பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் புகைபோக்கிகளிலும் சிறுவர் வேலை செய்தனர். 1838 ஆம் ஆண்டு ஜூலை 4 ஆந் தேதி, யோக்சயர் மாகாணத்தின் சில்க்ஸ்ரன் என்னும் ஊரிலுள்ள கரிச்சுரங்கம் ஒன்றிற் பெருமழை வெள்ளம் புகுந்து 26 பிள்ளைகள் மாண்டனர். அவர்களுள் ஏழு வயதினரும் இருந்தனர். அந்த ஊரில் நிகழ்ந்த துயரம் நாடெங்கும் பேசப்பட்டது. பின்னர் அஷ்லி பிரபுவின் முயற்சியால், 1840 இல், பிள்ளைகளின் தொழில் நிலையை ஆராய ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது.

1842 மே மாதத்தில் வெளியான அக்குழுவின் அறிக்கை ஒரு புதுமை செய்தது. அரசாங்க அறிக்கை என்றால் எழுத்தும் எண்ணும் நிறைந்திருக்கும். பாராளுமன்ற உறுப்பினருள் பலர் அதனைப் புரட்டியும் பாரார். இவ்வறிக்கையிலோ படங்கள் சேர்க்கப்பட்டன. குழு உறுப்பினருள் ஒருவரான வைத்தியர் சவுத்வூட் ஸ்மித் அவர்களின் யோசனை அது என்பர். வண்டில் இழுக்கும் பிள்ளை, கயிற்றிலே தொங்கிக்கொண்டு ஆழத்தில் இறங்கும் பிள்ளைகள், காற்றோட்டக் கதவொன்றைத் திறந்து மூடுவதற்காக நாள் முழுதும் இருளிலே தனியே குந்தியிருக்கும் குழந்தை ஆகிய காட்சிகளைக் கண்ட சீமாட்டிகளும் சீமான்களும் திடுக்குற்றனர். பக்கம் பக்கமாக அச்சிட்ட சாட்சியங்களை வாசியாதோர் கூட ஒரு படத்தைக் கண்டு கலங்கினர். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே, பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த ஆண்பிள்ளைகளும் நிலத்தின்கீழ் வேலை செய்தலாகாது என்னும் சட்டம் நிறைவேறிற்று.

இதற்கு அச்சுக்கலையின் வளர்ச்சியும் துணை நின்றது. மிக வயிரமான ஒருவகை மரக்கட்டையின் குறுக்குவெட்டு முகத்திற் படத்தைச் செதுக்கி, அச்செழுத்துக்களோடு ஒருங்கே கோத்து அச்சடிக்கும் முறை அக்காலத்திற் பெருகிற்று. செப்புத்தகட்டுப் படத்தைப்போல் அதனைத் தனியாக அச்சிட வேண்டியதில்லை. ஆகவே செலவு குறைந்தது. அறிக்கை வந்த அதே 1842 மே மாதத்திலேதான் 'இலஸ்ரேற்றட் லண்டன் நியூஸ்' என்னும் படப் பத்திரிகையும் பிறந்தது. செய்தியைப் படமாகப் பார்க்கும் பழக்கம் ஒரு சமுதாயத்திற் புகுந்த காலம் அது.

பூங்காப் படங்கள்

சட்டம் பிறந்தது உண்மை. பிள்ளைகளின் உழைப்பு ஒழிந்துவிட்டது என்பது உண்மையன்று. சுரங்கத்தை விட்டவர் தெருவில் நின்றனர். ஹென்றி மேஹியூ என்னும் பத்திரிகையாளர் இலண்டன் ஏழைத் தொழிலாளரை நேரிற் கண்டு உரையாடி எழுதிய நூல் 1851 இல் வெளிவந்தது. ரிச்சட் பியட் என்பார் எடுத்த ஒளிப்படங்களைப் பார்த்துச் செதுக்கிய படங்கள் அதனை அணிசெய்தன. கீரை விற்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை மேஹியூ அதிலே நமக்கு அறிமுகஞ் செய்கின்றார். பிள்ளையோடு பேசுவதுபோல விளையாட்டுப் பொருள்களைப் பற்றியும் பூங்காக்களைப் பற்றியும் அவர் பேச முயன்றார். அவளோ அவற்றை அறியாள். கீரைக் கட்டின் விலை, சந்தை திறக்கும் நேரம், தாயிடம் கொடுக்க வேண்டிய காசு ஆகியவற்றை மட்டும் ஒரு முதியவளைப்போல அவள் எடுத்துரைத்தாள். வேலையும் விளையாட்டும் எவ்வளவு தூரம் பிரிந்துபோயின என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இப்பிரிவின் மறுபக்கத்தையே பூங்காப் படங்கள் காட்டுகின்றன. கேற் கிறீனவே அம்மையாரின் முதற் பெரும் நூல் 1879 இல் வெளிவந்தது. வர்ண அச்சிற் கைதேர்ந்த எட்மண்ட் எவன்ஸ் அதனை 20,000 பிரதிகள் அச்சிட்டார். இத்தனை விலைபோகுமோ என்று பிறர் ஐயுற்றனர். அவை விரைவில் விற்றுத் தீர்ந்து, மீண்டும் அச்சிட்டபோது மொத்தம் 70,000 ஆயிற்று. அம்மையார் 1889 இல் பிள்ளை விளையாட்டுக்களைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார்.

அப்படங்களின் அழகை மறுப்பதற்கில்லை. எனினும் ஒன்று கவனித்தற்குரியது. அப்பிள்ளைகள் அணிந்திருக்கும் உடை அவர் காலத்து உடையன்று. அதற்கும் இரண்டு தலைமுறை முந்தியது. அவ்வுடைகளை அம்மையார் தாமே தைத்துச் சிறுமியர்க்கு அணிவித்து வரைந்தார். அதாவது, அந்தப் பிள்ளைப் பருவம் அக்காலத்திலும் இருந்ததன்று. பெரியோர் ஏங்கிய ஒன்று. மிலே என்னும் பேரோவியர் தம் பேரன் சவர்க்காரக் குமிழி ஊதுவதை 1886 இல் வரைந்தார். அது விரைவில் பியேர்ஸ் சவர்க்காரத்தின் விளம்பரப் படமாகிவிட்டது. விளையாடும் பிள்ளையின் முகம் விலைபோகும் என்பதை வணிகர் கண்டுகொண்டனர்.

ஆகவே நாம் முதலிற் கொண்ட இரு படங்களும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஒன்று சட்டம் இயற்றுவோரின் மனத்தை மாற்ற வரையப்பட்டது. மற்றது புத்தகம் வாங்குவோரின் மனத்தை மகிழ்விக்க வரையப்பட்டது. யாருக்காக வரையப்பட்டது என்பதை அறியாது ஒரு படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாகாது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு இனி நமது பக்கம் திரும்புவோம்.

கடல் கடந்த படங்கள்

கிறீனவேயின் புத்தகங்களை வாங்கிய இல்லங்களிலே வேறொருவகைச் சிறுவர் ஏடுகளும் புகுந்தன. அவை மிசன் சங்கங்களின் சிறுவர் சஞ்சிகைகள். 1842 இல் சேர்ச் மிசன் சங்கமும், 1844 இல் இலண்டன் மிசன் சங்கமும் வெஸ்லியன் மிசன் சங்கமும் இத்தகைய ஏடுகளைத் தொடங்கின. சிறிய அளவு, சிறிய விலை, படங்கள் ஆகியவற்றோடு அவை வந்தன. கீழைத்தேயத்துப் பிள்ளைகள் எப்படி வாழ்கின்றார்கள் என்பதை இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குச் சொல்வது அவற்றின் வேலை. அப்பிள்ளைகளும் சல்லி சல்லியாகச் சேர்த்துக் கொடுத்தனர். 1844 இல் அவர்கள் சேர்த்த 6,000 பவுணுக்கு மேற்பட்ட தொகையினால், 'ஜோன் வில்லியம்ஸ்' என்னும் கப்பல் தென்கடல் மிசன் பணிக்காக வாங்கப்பட்டது.

நமது வடபகுதியோடு நேர்த்தொடர்புடைய நூல் ஒன்றும் உண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820 முதல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிற் பணி செய்தவர். பின்னர் சென்னைக்குச் சென்றார். அவர் அமெரிக்கச் சிறுவருக்காக எழுதிய நூல் 1849 இல் நியூயோர்க்கில் வெளிவந்தது. நமது தெய்வங்களும் விரதங்களும் வழிபாடுகளும் அதிலே இருளில் வாழ்வோரின் செயல்களாக விளக்கப்பட்டன. அப்பாற்கடலிலிருந்த ஒரு குழந்தை நம்மை முதன்முதல் அறிந்தது இத்தகைய பக்கங்களின் வாயிலாகவே.

இக்கட்டுரையாளனும் ஒரு மிசன் பாடசாலையிற் பயின்றவனே. எழுத்தறிவித்தவரை இகழ்தல் நமது மரபன்று. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையும், மிசன் அச்சகங்களும் தமிழுக்குச் செய்த தொண்டை எவரும் மறுக்கமாட்டார். அப்பெரியோர் பொய்யுரைக்க வேண்டும் என்று புறப்பட்டவரும் அல்லர். அவர்களுடைய படங்கள் காசு சேர்ப்பதற்காக வரையப்பட்டவை. காசு சேர்ப்பதற்கு இரக்கம் வேண்டும். இரக்கம் பிறப்பதற்கு இருள் வேண்டும். விளையாடும் பிள்ளை அந்த நோக்கத்துக்கு உதவாள். ஆகையால் நமது பிள்ளையின் கொக்கானும் கிட்டிப்புள்ளும் அங்கு இடம்பெறும் தேவை இருக்கவில்லை.

இதற்கு மறுமொழி சொன்னவரும் மிசன் பாடசாலையிற் கற்றவரே என்பது ஈண்டு நினைத்தற்குரியது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822–1879) யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் பயின்று, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். அவர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்; அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து அச்சியந்திரம் தருவித்தார்; பிள்ளைகள் படிப்பதற்குப் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். நம்மைப் பற்றிப் பிறர் எழுதினால் வருந்தி இருப்பதிலும், நமது பிள்ளைகளுக்கு நாமே எழுதுவது மேல் என்பது அவர் காட்டிய வழி.

வன்னியில் வரைந்தவை

அப்படியாயின் வன்னியை எவருமே வரையவில்லையா? வரைந்தனர். குடியேற்றச் செயலாளராக 1845 முதல் 1850 வரை இருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற் இலங்கையைப் பற்றி எழுதிய இரு பாகங்கள் கொண்ட நூல் 1859 இல் வெளிவந்தது. கொழும்பு அக்கடமியிற் சித்திர ஆசிரியராக இருந்த அன்ட்ரூ நிக்கல் என்பாரின் ஓவியங்களும் அதில் உள. வடபகுதிக் காடுகளைப் பற்றியும் அந்நூல் பேசுகின்றது. அதன் புகழ்பெற்ற படங்கள் எவை? யானை, யானைப் பந்தி, பெருமரம், பழைய இடிபாடு. காடு வரைந்தோர் கண்ணுக்குத் தெரிந்தது. காட்டை வெட்டி வயலாக்கியவனின் பிள்ளை தெரியவில்லை.

வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் துரை தொகுத்த கைந்நூல் 1895 இல் அச்சாயிற்று. வவுனியா, முல்லைத்தீவு ஆகிய பகுதிகளின் வரலாறு, குளம், கிராமம், குடிசனம், வழக்கம் என்பவற்றை அறிய விரும்பும் எவரும் இன்றும் அதனைத் தேடிச் செல்ல வேண்டியவரே. எனினும் அது எழுத்தும் எண்ணும் கொண்ட ஆட்சி நூல். பிள்ளைகள் அங்கே குடிசனக் கணக்கின் ஒரு பகுதியாகவே நிற்கின்றனர்.

விளையாட்டுக்களைக் குறித்தோரும் சிலர் இருந்தனர். சிங்கள மக்களின் விளையாட்டுக்களைப் பற்றி லூடோவிசி என்பார் எழுதிய கட்டுரை 1873 இல் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வந்தது. நீர்ப்பாசனப் பகுதியிற் பணி செய்து குளங்களை எல்லாம் அளந்த ஹென்றி பாக்கர், 1909 இல் வெளியிட்ட பெருநூலிலே பலகை விளையாட்டுக்களைக் கட்டங்கள் வரைந்து விளக்கினார். கட்டங்கள் கிடைத்தன, ஆடிய பிள்ளைகளின் முகம் கிடைக்கவில்லை.

இன்னொரு கூட்டத்தினரையும் மறத்தலாகாது. மலைநாட்டில் கோப்பிப் பயிர் பெருகிய காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மதவாச்சி, தம்புள்ளை கடந்து மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். நோயினாலும் பசியினாலும் வழியில் மாண்டோர் பலர். தோளிலும் இடுப்பிலும் ஏறிச் சென்ற பிள்ளைகள் தோட்டத்திற் கைக்கு எட்டிய வேலையைச் செய்தனர். 1890 இல் லிப்ரன் கம்பெனியார் இங்கே தேயிலைத் தோட்டங்களை வாங்கியபின், கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் இங்கிலாந்தின் கடைகளிலும் பத்திரிகைகளிலும் தொங்கிற்று. நடந்து வந்த வழியை எவரும் விளம்பரமாக்கவில்லை. 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் அம்மக்களின் வழித்தோன்றல்கள் பலர் வன்னியிற் குடியேறினர். ஆகவே அக்கதையும் இன்று நமது கதையே.

வயலும் விளையாட்டும்

படம் இல்லாதபோது வரலாறு எழுதுவது எப்படி? பிள்ளைகள் கைமாற்றிக் கொடுத்த விளையாட்டுக்களே நமக்குச் சான்று.

வன்னியில் வாழ்வு என்றால் குளமும் வயலுமே. நெற்கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் பகலிற் கிளியும் குருவியும், இரவிற் பன்றியும் யானையும் வயலை அழிக்கும். இராக்காவல் ஆடவர்க்குரியது, பரணில் நெருப்பு மூட்டி அவர்கள் விழித்திருப்பர். பகற்காவல் பிள்ளைகளுக்குரியது. தகரம் தட்டியும் கவண் எறிந்தும் கூவியும் கிளி கலைப்பர். மாடு மேய்ப்பதும், சூடடிக்கும் களத்திலே மாடுகளைச் சுற்றி நடத்துவதும், குளத்திலே தண்ணீர் அள்ளுவதும், தங்கை தம்பியரைத் தூக்கி வளர்ப்பதும் அவர்களுடைய வேலைகளே. மாடு மேயும்போது பாலைப்பழமும் வீரைப்பழமும் பறித்துத் தின்பர். மாடு படுத்தால் கிட்டிப்புள் அடிப்பர். எங்கே வேலை முடிகின்றது, எங்கே விளையாட்டுத் தொடங்குகின்றது என்று கோடு கிழித்தல் அரிது.

கிளித்தட்டு என்னும் விளையாட்டை நோக்குவோம். நிலத்திற் கீறிய தட்டுக்கள் வரம்பு கட்டிய வயலை ஒத்திருக்கின்றன. குறுக்குக் கோடுகளைக் காப்போர் சிலர். நடுக்கோட்டில் ஓடி எங்கும் காவல் செய்யும் தலைவனுக்குப் பெயர் கிளி. அவன் கையிற் படாது தட்டுக்களைக் கடந்து மீள்வதே வெற்றி. வயலிற் கள்வனாகிய கிளி விளையாட்டிற் காவலனாகிவிடுகின்றது. நாள் முழுதும் கிளி கலைத்த பிள்ளைகள் மாலையிலே தாமே கிளியானார்கள் என்று எண்ணிப் பார்ப்பது பிழையாகாது. இலண்டனிற் கீரை விற்ற சிறுமிக்கு வாய்க்காத ஒன்று நமது பிள்ளைகளுக்கு வாய்த்தது.

இவ்வுறவு பழமையானது. சங்கச் செய்யுட்களின் குறிஞ்சி நிலப் பெண்கள் தட்டையும் குளிரும் கவணும் கொண்டு தினைப்புனம் காத்தனர். வள்ளி நாச்சியாரை முருகப்பெருமான் கண்டதும் அத்தகைய காவற்பரணிலேதான். பிள்ளைத்தமிழ் நூல்களோ சிற்றில், சிறுபறை, சிறுதேர் என ஆண்பாற் பருவங்களையும், கழங்கு, அம்மானை, ஊசல் எனப் பெண்பாற் பருவங்களையும் வகுத்து விளையாட்டையே காப்பியமாக்கின. அக்கழங்குதான் நமது ஊரிற் கொக்கான் வெட்டுதலாக வழங்குகின்றது.

ஆயினும் நாம் கிறீனவே அம்மையாரின் பிழையைச் செய்தலாகாது. பழைய உடையைத் தைத்து நமது பிள்ளைகளுக்கு அணிவித்து மகிழ்தல் வரலாறாகாது. பிள்ளைத்தமிழின் குழந்தை தெய்வம் அல்லது வேந்தன். மாடு மேய்த்த பொடியன் அல்லன். நமது புலவரும் அவனை வரையவில்லை. அக்கால வன்னியிற் காய்ச்சலும் பறங்கிப் புண்ணும் பிள்ளைகளை வருத்தின. வைத்தியசாலை தொலைவில் இருந்தது. பாடசாலை இல்லாத ஊர்கள் பல. எனது பூட்டியார் கொக்கான் வெட்டுவதில் ஊரில் முதல்வி. வீசிய கல் நிலத்தில் விழுமுன் மற்றக் கற்களை அள்ளிவிடுவார். அவருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. கடைசிவரையும் பெருவிரல் அடையாளமே. தம்பியரைத் தூக்கி வளர்த்தமையால் தாம் பள்ளிக்கூடம் போகவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பையும் அந்தப் பெருவிரலையும் ஒருங்கே வரையும் படமே உண்மையான படம்.

இன்றைய நிலை

இனி நமது காலத்துக்கு வருவோம். 2009 ஆம் ஆண்டு வன்னி மக்கள் வீடு வாசல் இழந்து, இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களை அடைந்தனர். செட்டிகுளத்துப் பெருமுகாம் 2012 செப்ரெம்பரிலேதான் மூடப்பட்டது. அப்போது ஐந்தாறு வயதுடையவராயிருந்த என்னை ஒத்தோர் இன்று பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றோம். தண்ணீர்க் கான்களோடு வரிசையில் நிற்பதும், தறப்பாளின் கீழே தம்பி தங்கையரைப் பார்ப்பதுமே எமது வேலை. அப்படி நின்றபோது எடுத்த படங்கள் உலகெங்கும் சென்றன. அவை வேண்டிய படங்களே. 1842 ஆம் ஆண்டுப் படங்களைப் போல அவையும் மனச்சாட்சியைத் தட்டின.

ஆனால் மாலை வேளையில், தறப்பாள் ஓரத்திலே, எனது பூட்டியார் பொறுக்கி எடுத்த ஐந்து கற்களைக்கொண்டு எங்களுக்குக் கொக்கான் வெட்டப் பழக்கினார். அயற் கூடாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிடுவர். செம்மண்ணிற் கோடு கீறிக் கிளித்தட்டும் மறித்தோம். அந்தக் காட்சியின் படம் ஒன்றையேனும் நான் இதுவரை கண்டதில்லை. எமது துன்பத்தைப் பிறர் வரைந்தனர். எமது விளையாட்டை வரைய எவருக்கும் காரணம் இருக்கவில்லை. அது நாங்களே வரைய வேண்டியது.

சட்டங்கள் இன்று நம்மிடம் உள. 1945 முதல் இலவசக் கல்வி உண்டு. 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டம் பிள்ளைகளின் தொழிலைக் கட்டுப்படுத்திற்று. 2021 இல் நிறைவேறிய திருத்தத்தின்படி பதினாறு வயதுக்குக் குறைந்தோரைத் தொழிலில் அமர்த்தலாகாது. பதினாறு வயதுவரை கல்வியும் கட்டாயம். எனினும் உழைப்பவரை இழந்த வீடுகளிலே பாடசாலையை இடையில் நிறுத்தி வயலுக்கும் கடலுக்கும் மேசன் வேலைக்கும் செல்லும் சிறுவரை நமது ஊர்களிற் காணாதார் யார்? தகப்பனோடு வயலில் நின்று தொழில் பழகுவது வேறு. புத்தகத்தை மூடிவிட்டுக் கூலிக்குச் செல்வது வேறு. முன்னதிலே பிள்ளை மாலையில் விளையாட வருவான், பின்னதிலே வரமாட்டான். இவ்வேறுபாட்டை அறியும் அளவுகோல் எளியது: அந்தப் பிள்ளைக்குப் படிக்கவும் விளையாடவும் நேரம் இருக்கின்றதா என்று கேட்டால் போதும்.

மறுபுறத்தில் நமது சின்னஞ்சிறு பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் குனிந்து பார்த்தபடி இருக்கின்றனர். கிளித்தட்டு மறிக்க நிலம் இருக்கின்றது. மறிக்கும் பிள்ளைகள் குறைந்துவிட்டனர்.

நமது சங்கத்து இளைஞர்களுக்கு இரண்டு வேலைகளை முன்வைத்து இக்கட்டுரையை முடிக்கின்றேன். முதலாவது, அறநெறி வகுப்பு நடக்கும் ஊர்தோறும் எழுபது வயதைக் கடந்த பெரியோரை அணுகி, எந்த வயதில் என்ன வேலை செய்தீர்கள், என்ன விளையாடினீர்கள், எதனைப் படிக்க விரும்பிப் படிக்காமற் போனீர்கள் என மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வைத்தல். முள்ளியவளை, குமுளமுனை, ஒட்டுசுட்டான், துணுக்காய், பூநகரி, கனகராயன்குளம் ஆகிய ஊர்களிலே தொடங்கலாம். கேட்டவற்றைச் சித்திரம் எழுத வல்ல மாணவரைக் கொண்டு வரைவித்து, அடுத்த ஆண்டு மலரிலே வெளியிடலாம். இரண்டாவது, அப்படிச் செல்லும் ஊரிலே பாடசாலைக்கு வராத பிள்ளை ஒருவனைக் கண்டால், அவன் வீட்டுப் படலையைத் தட்டிக் காரணம் கேட்டு, இயன்ற உதவியைச் செய்தல்.

விக்ரோறியா காலத்து ஓவியர் நமது பிள்ளைகளை வரையவில்லை என்று இனிக் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் தம் காலத்துக்கும் தம் காசுக்கும் வரைந்தார்கள். நமது பூட்டிமார் இருக்கும் வரை கேட்பதற்குக் காலம் உண்டு. என்னுடைய பூட்டியார் இன்று இல்லை; அவரிடம் கேட்க மறந்தவை பல. உங்கள் வீட்டிலே ஒருவர் இருப்பாராயின், இந்த மலரை மூடியவுடன் அவரருகே சென்று அமருங்கள்.